தையலக்கா வீட்டுக் கார்

ஓடாத கார் ஒன்று ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று தெரிய வேண்டுமா? அப்படியென்றால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள் கண்ணுகளா. கொஞ்சம் சுற்றிப் போகிற கதை இது.

தெருவில் எல்லாரும் அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னறையில் தையல் மெஷின், அதற்குப் பக்கத்தில் துணி வெட்டுகிற மேசை, சுவர் முழுக்கத் தொங்குகிற பாதித் தைத்த சட்டைகள். நடக்க மிஞ்சிய இடம் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுதான். அவள் கணவர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடிவதற்கு முன்னால் போய், மதியம் காதுமடலில் மாவோடு திரும்பி வருவார். சாப்பிட்ட கையைத் துடைத்ததும் நேராக வீட்டை ஒட்டியிருக்கிற தகரக் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார். கார் அங்கேதான் குடியிருந்தது.

அது வீட்டுக்கு வந்த கதையே ஒரு கூத்து. ஒரு டாக்டர் வீட்டுக்குப் பிறந்தநாள் கேக் கொடுக்கப் போனவர், பின்பக்கம் செடிகொடிக்குள் அந்தக் காரைப் பார்த்தார். சக்கரம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "எடுத்துட்டுப் போனா போதும், எனக்கு எடம் மிச்சம்" என்றார் டாக்டர். கேக்கோடு போன மனுஷன் காரோடு திரும்பி வந்தார்.

"இதுல அப்படி என்னத்தங்க கண்டீங்க?" என்று தலையில் கைவைத்துக் கேட்டாள் தையலக்கா.

"மூஞ்சியப் பாரேன்" என்றார் அவர்.

அவளும் பார்த்தாள். இரண்டு உருண்டை விளக்கு, நடுவில் கொஞ்சம் கோணிப்போன கம்பி வரிசை. ஏதோ சொல்ல வந்து, சிரிப்பு முட்டிக்கொண்டு வர, வாயை மூடிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு முகம். அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

"ஆறே மாசம். ஒன்ன முன்னால ஒக்கார வெச்சு ஓட்டிக் காட்டுறேன்."

அப்போது அவர்கள் மகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். இப்போது மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறாள். அந்த ஆறு மாதம் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

சும்மா இருந்தார் என்று சொல்லக்கூடாது, பாவம். துருப்பிடித்த தகடுகளை வெட்டியெறிந்து புதுத்தகடு வைத்துப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார். மொத்தத்தையும் கழற்றி, கேக் டப்பாக்களில் வகைவகையாகப் போட்டு, பேக்கரி அலமாரியில் அடுக்குகிற மாதிரியே அடுக்கினார். ஒருநாள் சாயங்காலம் கொட்டகையிலிருந்து ஓடிவந்து, "எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க!" என்றார். என்னவோ ஏதோ என்று ஊசியோடு ஓடினாள் இவள். எதிர்வீட்டுக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள். அவர் காரின் கதவைத் திறந்தார். மூடினார். 'டப்' என்று ஒரு சத்தம்.

"கேட்டீங்களா?"

"எதைங்க?"

"கதவு மூடுற சத்தத்த! இத்தன நாள் தொங்கிக்கிட்டு இருந்த கதவு. இப்ப பாரு, மூடி போட்ட டின்னு மாதிரி!" மறுபடியும் திறந்து மூடினார். அன்றைக்கு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சட்டிபானை எல்லாம் 'டப்' என்று மூடிக் காட்டி மகள் வீட்டைச் சிரிக்கவைத்தாள்.

அடுத்த மாதமே அடி வாங்கினார். பெயின்ட் அடித்த சின்னச் சின்னப் பாகங்களைச் சூட்டில் வைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்று யாரோ சொல்ல, பேக்கரி அடுப்பிலேயே வைத்துவிட்டார். பெயின்ட் பிரமாதமாகப் பிடித்தது. ரொட்டியிலும் பிடித்தது. அன்றைக்குப் போட்ட ரொட்டி அத்தனையிலும் பெயின்ட் வாடை. முதலாளி போட்ட கூச்சலில் தெருமுனை வரை ஆள் கூடிவிட்டது. வீட்டுக்கு வந்தவர், இரண்டு வாரம் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்புறம் ஒருநாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மெல்ல உள்ளே போய் விளக்குக் கண்ணாடியைத் துடைத்தார். தையலக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பார்த்தாளே தவிர, வாய் சும்மா இருக்குமா? "என் சக்களத்தி சௌக்கியமா?" என்று கேட்பாள். "அவளுக்கு எண்ணெ தேச்சு முடிச்சாச்சுன்னா, எனக்கு அந்தப் பல்பக் கொஞ்சம் மாட்டிக் குடுங்க." சீட்டுக்கு உறை தைத்துக் கொடு என்று அவர் எத்தனையோ தரம் கேட்டும் மறுத்துவிட்டாள். "மொதல்ல ஓடட்டும். அப்புறம் ஒக்காரலாம்." அதனால் முன்சீட்டு வெறும் சுருள்கம்பியாகவே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் சின்ன மேடுபள்ளம். பெரிய பள்ளம் என்ஜினில் வந்தது.

தையலக்காவின் தம்பி லேத் பட்டறை வைத்திருந்தான். என்ஜினைப் பிரித்து, தேய்ந்ததைக் கடைந்து சரிசெய்ய அவனிடம் அனுப்பினார்கள். எல்லாம் திரும்பி வந்தபோது ஒரே ஒரு துண்டைக் காணவில்லை. உள்ளங்கை அளவு இரும்பு. அரைவட்டமாக இருக்கும், இரண்டு பக்கமும் போல்ட்டு போகக் காது இருக்கும். என்ஜினுக்குள் ஏறி இறங்குகிற தண்டின் காலை, கீழிருந்து கவ்விப் பிடித்துக்கொள்கிற துண்டு அது. நான்கு தண்டுக்கு நான்கு. ஒவ்வொன்றும் தன் தண்டோடு சேர்த்தே கடையப்பட்டது, நம்பர் குத்தப்பட்டது. ஒன்றினுடையதை இன்னொன்றுக்குப் போட முடியாது. காணாமல் போனது மூணாம் நம்பர்.

அந்தக் காருக்கு இப்போது உதிரிப்பாகம் செய்கிறவர்களே இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார் மனுஷன். பழைய இரும்புக்கடை ஒன்று விடவில்லை. தம்பி புதிதாக ஒன்றைக் கடைந்து கொடுத்தான். போட்டு முடுக்கிப் பார்த்தார்கள். கிழவர் முழங்கால் மாதிரி இறுகிக்கொண்டது. இரண்டாவது செய்தான், மூன்றாவது செய்தான். ஒன்று இறுகும், இல்லாவிட்டால் லொடலொடக்கும்.

"நீ ஒழுங்கா எண்ணி வாங்கியிருந்தா இந்த வம்பே வந்திருக்காது மாப்ள."

"மாமா, என் பட்டறைக்கு வந்ததே மூணுதான். நாலாவதத் துடைக்கணும்னு நீங்க வீட்ல வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நான் நாலும் குடுத்தேன்!"

"எதுல போட்டுக் குடுத்தீங்க? கேக் டப்பாலதானே? யாராவது க்ரீம் தடவித் தின்னிருப்பாங்க."

இந்தச் சண்டை வாராவாரம் நடக்கும். சண்டை முடிந்ததும் இருவரும் ஒரே தட்டில் பன் தின்பார்கள். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நாளாக ஆக, அவர் பேச்சு குறைந்தது. என்ஜின் மேசைமேல் ஒரு விரிப்புக்கு அடியில் கிடந்தது, நோயாளி மாதிரி. அவர் கொட்டகைக்குப் போவார், விரிப்பைத் தூக்கிப் பார்ப்பார், மூடிவிட்டு வந்துவிடுவார். அப்புறம் போவதே நின்றுபோனது. மதியம் வந்து, சாப்பிட்டு, காதில் மாவோடு அப்படியே கட்டிலில் சாய்ந்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"பழைய இரும்புக்காரர்ட்ட சொல்லிட்டேன். வியாழக்கிழம நாலு மணிக்கு லாரி வருது."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? காருக்குத்தான். நீ கொட்டகையில மேச போட்டுக்கோ. எத்தன நாளாத்தான் ஒருக்களிச்சு நடப்ப."

சந்தோஷமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? எத்தனை வருஷமாக அவள் கேட்ட இடம்! அவர் போனதும் எழுந்துபோய் டேப்பை வைத்துக் கொட்டகையை அளந்துகூடப் பார்த்தாள். மேசை இங்கே, மெஷின் அங்கே, வெளிச்சம் இடப்பக்கம். எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஆனால் அளந்துகொண்டே போனபோது டேப்பின் முனை காரின் முகத்தில் முட்டியது. அந்தக் கோணல் கம்பி வரிசையைப் பார்த்தபடி நின்றாள். அதற்கு இன்னும் விஷயம் தெரியாது என்பதுபோல அது சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வெட்டிவிட்டாள். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு தப்பு அவள் கத்தரி செய்ததில்லை. அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. அந்தக் கார் போனால் கொட்டகை மட்டுமா காலியாகும்? 'எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க' என்று ஓடிவந்த ஆளும் லாரியில் ஏறிப் போய்விடுவார். மிச்சம் இருப்பது கட்டிலில் சாய்ந்திருக்கிற ஆள்தான்.

தம்பிக்குப் போன் போட்டாள். "மூணாம் நம்பரத் தேடணும். வியாழக்கிழமைக்குள்ள."

"யக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? தீ வெச்சுக் கொளுத்துங்கடான்னு சொன்னவ நீதானே?"

"சொன்னேன். நான் சொல்லலாம். லாரிக்காரன் தூக்கிட்டுப் போகக் கூடாது. வர்றியா, இல்லையா?"

வந்தான். அவர் பேக்கரியில் இருக்கிற நேரமாகப் பார்த்து இருவரும் டப்பா டப்பாவாகக் கவிழ்த்தார்கள். கொட்டகைத் தரையைக் கூட்டிச் சலித்தார்கள். பட்டறையில் இரும்புச் சீவல் குவியலுக்குள் காந்தத்தைக் கட்டித் துழாவினார்கள். காணாமல்போன கத்தரி கிடைத்தது, மகளின் பால்பல் ஒன்று கிடைத்தது, தம்பி தொலைத்த மோதிரம் கிடைத்தது. மூணாம் நம்பர் மட்டும் கிடைக்கவில்லை. புதன்கிழமை ஓய்ந்துபோய் உட்கார்ந்தபோது தம்பி, "விடுக்கா" என்றான். "இனி அது தானா நடந்து வந்தாத்தான் உண்டு."

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்து மண்டபத்தின் காவலாளி சைக்கிளில் வந்து இறங்கினார். பெரிய மீசை, சின்ன உடம்பு.

"தங்கச்சி, நீ தெச்ச தெரை ஒதைக்குது."

"என்னண்ணே சொல்றீங்க?"

"மேடைத் தெரைதான். ரெண்டு வருஷமா நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப இழுத்தா, மடிப்புக்குள்ள ஏதோ கழண்டு தரையில 'டொக்கு டொக்கு'ன்னு இடிக்குது. நேத்து ஒத்திகையில ராஜா வேஷம் போட்ட புள்ளையோட காலு கட்ட வெரல்ல ஒரே போடு. மூணு மணிக்கு நாடகம். வந்து ஒரு தையல் போட்டுக் குடு."

அந்தத் திரைகள்தான் அவள் வாழ்நாளில் தைத்த பெரிய வேலை. கனத்த வெல்வெட், இரண்டு பாதி. காற்றில் ஆடாமல் நேராகத் தொங்க வேண்டுமென்று அடிமடிப்புக்குள் வரிசையாகச் சின்னப் பைகள் வைத்து, ஒவ்வொன்றிலும் ஈயத்துண்டு போட்டுத் தைத்திருந்தாள். இரண்டு பாதியும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று கணவருடைய மாவு நிறுக்கிற தராசிலேயே வைத்து நிறுத்தாள். அவ்வளவு சுத்தம் அவள் வேலை.

"ஈயம் தட்டையாத்தானே இருக்கும், இடிக்காதேண்ணே?"

"ஈயம் இல்ல. நான் தடவிப் பாத்தேன். வளையத்தப் பாதியா வெட்டின மாதிரி." காவலாளி கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் காட்டினார். "ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு."

தையலக்காவின் வாயிலிருந்த குண்டூசி கீழே விழுந்தது.

எல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தது. கடைசிப் பைக்கு ஒரு ஈயம் குறைந்தது. கணவர் கட்டிலில் படுத்திருந்தார். "என்னங்க, கனமா ஏதாவது இருந்தாக் குடுங்களேன்" என்றாள். "வேஸ்ட்டு டப்பால பாரு, எடுத்துக்கோ" என்றார் கண்ணைத் திறக்காமல். டப்பாவுக்குள் கையைவிட்டு ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். ஒன்று சரியாக வந்தது, முள் இம்மி பிசகாமல். அட, இதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, துரு வெல்வெட்டில் ஏறக்கூடாதே என்று பஞ்சுத்துணியில் சுற்றித் தைத்து, உள்ளே போட்டு மூடினாள். அதற்கு மறு மாதம்தான் என்ஜின் பட்டறைக்கே போனது! போன வழியிலும் வந்த வழியிலும் எல்லாரும் தேடினார்களே ஒழிய, அது கிளம்பவே இல்லை என்று யாருக்குத் தோன்றும், நீங்களே சொல்லுங்கள்.

"அண்ணே, சைக்கிள எடுங்க! ஏடி, நாலு மணிக்கு லாரி வந்தா விடாத! நான் வர்ற வரைக்கும் விடாத!" அப்பாவுக்குத் துணையாக அன்றைக்கு லீவு போட்டிருந்த மகள், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் அம்மா சைக்கிள் பின்சீட்டில் ஏறியாகிவிட்டது. போகிற வழியிலேயே தம்பிக்குப் போன்.

மண்டபத்துக்குப் போனால், நாடகத்தை முன்கூட்டியே தொடங்கிவிட்டார்கள். மூடிய திரைக்கு முன்னால் தலைமையாசிரியை பேசிக்கொண்டிருந்தார். "அம்மா பேச ஆரம்பிச்சா அரை மணி நேரம். நீ நிதானமாச் செய்" என்று சொல்லிவிட்டுக் காவலாளி கயிற்றுப் பக்கம் போனார். தையலக்கா மேடை நடுவில் மண்டியிட்டு மடிப்பைத் தடவினாள். கையில் தட்டுப்பட்டது. அரைவட்டம். இரண்டு காது. சுற்றிலும் தகரக் கிரீடமும் அட்டை மரமுமாகப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

அவள் தையலாச்சே, சும்மா பிரியுமா? மூன்று வரிசை போட்டிருந்தாள், மெழுகு நூலில். தன்னையே திட்டிக்கொண்டு நறுக்கினாள். இரண்டு வரிசை பிரிந்தது. வருஷம் முழுக்க அரை மணி நேரம் பேசுகிற தலைமையாசிரியை, அன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டதால், "இத்துடன் முடித்துக்கொள்கிறேன்" என்றார்.

திரை விலகியது.

மண்டபம் நிறையப் பெற்றோர். அரண்மனை தர்பாரின் நடுவே, வாயில் நூலும் கையில் கத்தரியுமாக, விலகி ஓடுகிற திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழங்காலாலேயே நகர்ந்துகொண்டிருந்தாள் தையலக்கா. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஆனாலும் அவள் விளிம்பை விடவில்லை.

ராஜா வேஷம் போட்ட சிறுமி, கட்டை விரலில் கட்டோடு, ஒரு கணம் யோசித்தாள். செங்கோலைத் தட்டினாள். "யாரங்கே! அரண்மனையில் என்ன கத்தரிச் சத்தம்?"

தையலக்கா நூலைத் துப்பினாள். "அரண்மனைத் தையல்காரி, மகாராஜா! ஒரு சாமான் தொலைஞ்சு போச்சு."

"கிடைத்துவிட்டதா?"

கடைசி வரிசை அறுந்தது. பஞ்சுத்துணி மூட்டை கனமாக உள்ளங்கையில் விழுந்தது. "கெடச்சிருச்சு மகாராஜா!" என்று அவள் போட்ட கத்தலில் மண்டபமே கைதட்டியது.

"அப்படியென்றால் போய் வா!"

போனாள். ஓட்டமாக ஓடினாள். வெளியே தம்பி ஸ்கூட்டரை நிறுத்தாமலே வைத்திருந்தான். ஏறிக்கொண்டே துணியைப் பல்லால் கிழித்தாள். துளித் துரு இல்லாமல் பளபளவென்று இருந்தது. நடுவில் குத்தியிருந்த எண், மூன்று.

"யக்கா!" என்றான் தம்பி. ஸ்கூட்டரை வீட்டுப் பக்கம் விரட்டினான்.

நாலு மணி என்று சொன்ன லாரி முன்னாலேயே வந்து வீட்டு வாசலில் நின்றது. மகள் தன்னாலான மட்டும் செய்திருந்தாள். பழைய இரும்புக்காரருக்கு மூன்று டம்ளர் டீ கொடுத்து, அவருடைய சர்க்கரை வியாதியைப் பற்றி முழு விவரம் கேட்டு, மருந்து சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லிக்கூடப் பார்த்துவிட்டாள். ஆனாலும் காரின் முன்சக்கரம் இரண்டும் பலகைமேல் ஏறியாகிவிட்டது. அப்பாவைக் காணோம். பார்க்க மனமில்லாமல் பின்பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

தையலக்கா நேராகக் காரிடம் போனாள். கதவைத் திறந்தாள், ஏறினாள், 'டப்' என்று மூடினாள். வெறும் சுருள்கம்பியின்மேல் ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

பழைய இரும்புக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "எறங்குங்கக்கா, ஏத்தணும்."

"நான் எறங்கல."

"அப்போ ஒங்களையும் சேத்தே எடை போட்டுரவா?"

"போடுங்க. ஆனா என்னைய இரும்பு வெலைக்குப் போட்டீங்கன்னா கெட்ட கோவம் வரும்."

சத்தம் கேட்டு அவர் பின்பக்கத்திலிருந்து வந்தார். கண் சிவந்திருந்தது. "என்ன இது? எறங்கு. போகட்டும், விடு. இத்தன நாள் நீதானே..."

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி விரித்தாள்.

அவர் பார்த்தார். எடுத்தார். திருப்பினார். நம்பரை விரலால் தடவினார். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை, ஓரத்தில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. அப்படியே தெருவில், லாரிக்கும் காருக்கும் நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷம் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் பிடிபடவில்லை. அவருக்கே பிடிபடவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"பள்ளிக்கூடத்துத் தெரைக்குள்ள. நான்தான் போட்டேன். எடுத்துக்கோன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"வேஸ்ட்டு டப்பால இருக்கு, எடுத்துக்கோன்னு. கண்ணக்கூடத் தொறக்காம."

"வேஸ்ட்டு டப்பாலயா?" தம்பியின் முகம் முழுக்கப் பல்லாகிவிட்டது. "மாமா! அத வேஸ்ட்டு டப்பால போட்டது யாரு மாமா? சொல்லுங்க மாமா. என் பட்டறைக்கு வந்தது எத்தன மாமா?"

"மூணு" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

"சத்தமா!"

"மூணுடா! மூணு மூணு மூணு!" என்று எழுந்து மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பழைய இரும்புக்காரர் நல்ல மனுஷன். தானே காரைப் பின்னுக்குத் தள்ளி இறக்கிவிட்டு, "ஓடுன அன்னிக்கு சொல்லி அனுப்புங்க, பாக்கணும்" என்று சொல்லிப் போனார். மகள் கொடுத்த மருந்துச் சீட்டை மட்டும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

அன்றைக்கே ஓடிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நம்பாதீர்கள். தம்பி மறுநாளே பட்டறையை மூடிவிட்டு வந்தான். மூணாம் நம்பரைப் போட்டு முடுக்கினார்கள். வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. தையலக்கா வெளிவேலை எதையும் எடுக்காமல், கரும்பச்சைத் துணியில் சீட்டுக்கு உறை தைத்தாள். மூன்று வரிசைத் தையல்தான். "இதுல ஒண்ணும் உள்ள வெச்சுத் தெச்சிரலியே?" என்று தம்பி ஒவ்வொரு மூலையாக அமுக்கிப் பார்த்தான். தலையில் ஒரு குட்டு வாங்கிக்கொண்டு போனான்.

எல்லாம் மாட்டி, பாட்டிலில் பெட்ரோல் வாங்கி ஊற்றி, தெருவே கூடி நின்ற ஒரு மதியம், அவர் சாவியைத் திருப்பினார். கிர்ர்ர் என்றது. நின்றது. மறுபடியும் கிர்ர்ர். மறுபடியும் நின்றது. கூட்டத்தில் ஒருவர் இருமினார். அவர் முகம் தொங்கத் தொடங்கியது. தையலக்காவுக்கு அந்தத் தொங்கல் நன்றாகத் தெரியும். கட்டிலுக்குப் போகிற வழி அது.

ஜன்னலுக்கு அருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "இன்னிக்கு ஓடலைன்னா நாளைக்கு. நாளைக்கு ஓடலைன்னா அடுத்த வாரம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. லாரிக்கு மட்டும் போன் போட்டீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் சாவியைத் திருப்பினார்.

முதலில் ஒரு தும்மல். அப்புறம் இன்னொரு தும்மல். அப்புறம் கரும்புகை ஒரு மேகம் கிளம்பி, கூட்டம் முழுக்க இருமி, அந்தப் புகைக்குள்ளிருந்து 'தடதட தடதட' என்று ஒரு சத்தம் எழுந்து நிற்காமல் ஓடியது. தம்பி தெருவில் ஆட ஆரம்பித்தான். மகள் அப்பா மாதிரியே, "எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க!" என்று ஏற்கனவே வந்திருந்தவர்களையே கூப்பிட்டாள். அவர் மட்டும் அசையவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாவு ஒட்டிய காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏறு" என்றார்.

ஏறினாள். கரும்பச்சைச் சீட்டு அவள் நினைத்ததைவிடச் சுகமாக இருந்தது. கார் கொட்டகையை விட்டு மெல்ல வெளியே வந்தது. தெருவில் திரும்பியது. நடக்கிறவர்களைவிடக் கொஞ்சம்தான் வேகம். பேக்கரியைத் தாண்டியபோது முதலாளி வாசலுக்கு ஓடிவந்து, கரண்டியோடு கையாட்டினார். பள்ளிக்கூடத்தைத் தாண்டியபோது காவலாளி விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"வீட்டுக்குத் திருப்பவா?" என்று கேட்டார் அவர்.

"எதுக்கு? வீட்ட நான் தெனமும் பாக்குறேன். நேராப் போங்க."

நேராகப் போனார். கடைகள் முடிந்தன, வீடுகள் முடிந்தன, இரண்டு பக்கமும் மரம் வந்தது. காற்று உள்ளே புகுந்து அவள் தலையைக் கலைத்தது. அவள் கலையவிட்டாள். இன்னும் கொஞ்சம் வேகமா போனா ஆகாதா என்று அவள் கேட்க வாயெடுத்த நேரத்தில், கார் ஒரு விக்கல் விக்கியது. அப்புறம் ஒன்று. அப்புறம் சத்தமே இல்லாமல் உருண்டு, ஒரு மரநிழலில் போய் நின்றது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. இறங்கி முன்மூடியைத் தூக்கினார், அதை அசைத்தார், இதை அசைத்தார். பிறகு ஏதோ தோன்றி, பின்பக்கம் போய்ப் பெட்ரோல் தொட்டி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். திரும்பி வந்தபோது தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, சொல்லித்தான் தொலைங்களேன்!"

"பெட்ரோல் தீந்துபோச்சு" என்றார். "ஒரு பாட்டில்தானே ஊத்தினோம். ஓடும்னு எவனுமே நம்பல போல, நான் உள்பட!"

சிரிக்கத் தொடங்கிய தையலக்காவால் நிறுத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் கதவில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டார். "மாப்ள, ஒரு கேன்ல பெட்ரோல் எடுத்துட்டு வா. இல்லடா, ரிப்பேர் இல்ல. ஓடிச்சுடா, ஓடித்தான் தீந்துச்சு!"

பேசிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவை மூடினார். இலைநிழல் கண்ணாடிமேல் ஆடிக்கொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் நசுங்கிய பன் ஒன்றை எடுத்து, பிய்த்து, பெரிய பாதியை அவளிடம் கொடுத்தார்.

"பத்து நிமிஷத்துல வந்துருவான்" என்றார்.

தையலக்கா காலை நன்றாக நீட்டிச் சாய்ந்துகொண்டாள்.

"எதுக்கு அவசரம்? மெதுவாவே வரச் சொல்லுங்க."